கதவுக்கு மூன்று விலை

விலைமதிப்பற்ற அந்தக் கதவின் விலை தொண்ணூறாயிரம் தினார். இது நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதும்போது. காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதும்போது மூவாயிரத்து நானூறு, ஏனென்றால் அங்கே பிரீமியம் கட்ட வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு அது வெறுமனே விலைமதிப்பற்றது. அந்த விலைமதிப்பற்றதைப் பார்க்க ஆளுக்கு இரண்டு தினார், குழந்தைகளுக்கு ஒன்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலடி திரும்பி நடந்தால் பெரியவர்களுக்கும் ஒன்று.

ஒரு சாமானுக்கு மூன்று விலை சொல்வது ஸ்ஃபாக்ஸ் பழைய நகரத்தில் குற்றமல்ல. செருப்புக்கடையில் உண்டு, கம்பளக்கடையில் உண்டு, மீன் அங்காடியில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஏழெட்டு விலைகூட உண்டு. ஆனால் மீன்காரன் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவதில்லை. கழகம் குத்தியது.

கழகத்தின் முழுப்பெயர் சுண்ணாம்புக்காரர் சந்து வரலாற்றுக் கழகம். சந்தின் நீளம், இந்த முனையில் ஒருவன் தும்மினால் அந்த முனையில் இன்னொருவன் வாழ்த்துச் சொல்கிற தூரம். அதற்குப் பதினொரு உறுப்பினர்கள். தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் நால்வர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள் இருவர், முன்னாள் தலைவர், வருங்காலத் தலைவர். ஆகப் பதினொன்று. எல்லாரும் தொண்டர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்தக் குறையை மரியாதையாக வசூலித்துக்கொண்டார்கள். தலைவரை "சி தவ்ஃபீக்" என்று முன்னால் 'சி' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். வெறும் தவ்ஃபீக் என்றால் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளரான அவருக்குக் காது கேட்காது.

கழகத்துக்குச் சந்தின் நடுவே ஒரு பழைய வீடு இருந்தது. முற்றம், முற்றத்தில் மழைநீர்த் தொட்டி, தொட்டிக்கு எதிரே பெரிய கூடம், கூடத்துக்கு அந்தக் கதவு. கூடத்தின் மேற்கூரை உத்தரங்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குள்ளும் போயின. கட்டியவர்கள் அண்ணன் தம்பிகள், மரத்தை வெட்டி வீணாக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கத்துக் கடையில் ஹமாதி த்ரீக்கி காபிக்கொட்டை வறுத்து விற்றான். கடைக்கு மேலேதான் அவன் வீடு. மனைவி வசீலா, அடுப்பு, படுக்கை, சேமிப்பு எல்லாமே அந்த உத்தரங்களின்மேல்.

தலைநகரத்தில் பழமைக்குப் பணம் தருகிற ஓர் அறக்கட்டளை, கூடத்தைப் புதுப்பிக்க உதவுவதாகச் சொன்னது. நிபந்தனை இரண்டு. ஒன்று, பதவி எதுவும் இல்லாத பொது உறுப்பினர்களும் கழகத்தில் இருக்க வேண்டும். இரண்டு, கூடத்தில் தீ எச்சரிக்கை மணி மாட்ட வேண்டும், அது அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்க ஒரு தொண்டர் வேண்டும்.

சி தவ்ஃபீக் காபிக்கடைக்கு நடந்து வந்தார்.

"யா ஹமாதி, வரலாறு உன்னைக் கூப்பிடுது."

"கால் கிலோவா, அரைக் கிலோவா?"

"விளையாடாதே. நீதான் இனிமே எங்க பொது உறுப்பினர்கள்."

"உறுப்பினர்களா? நான் ஒருத்தன்தானே?"

"நிபந்தனை பன்மையில இருக்கு. நீ கொஞ்சம் அனுசரிச்சுக்கோ."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"பெருமை."

"அதை அரைச்சா எத்தனை கோப்பை வரும்?"

சி தவ்ஃபீக் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. வருஷம் இருபது தினார் சந்தா என்றார். ஹமாதி பத்து என்றான். அவர் நெஞ்சில் கைவைத்து, வரலாற்றோடு பேரமா என்றார். அக்கம்பக்கத்து நாலு கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பெரியவர் நெஞ்சில் கைவைத்துவிட்டால் நம் ஊர்க்காரன் தோற்றுத்தான் போவான். ஹமாதி சம்மதித்தான். ஆனால் பணத்தை எடுக்கவில்லை, "கணக்குல வெச்சுக்கங்க" என்றான். சம்மதம் வேறு, ரொக்கம் வேறு.

மஞ்சள் நிறத்தில் ஒளிரும் கையில்லா அங்கி ஒன்று, ஊதல் ஒன்று, முற்றத்து வாசலின் சாவி ஒன்று அவனுக்கு வந்து சேர்ந்தன. கூடத்தின் சாவி வரவில்லை.

"மணி கூடத்துக்குள்ளதானே அடிக்கும்? சாவி இல்லாம நான் எப்படிப் பார்க்கிறது?" என்று கேட்டான்.

சாவி பொருளாளர் மதாம் நைலாவிடம் இருந்தது. வங்கியில் முப்பது வருஷம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி. இப்போது கண்ணாடி இல்லை, ஆனாலும் குரல் அதற்குப் பின்னாலிருந்துதான் வரும்.

"சாவி இருந்தா பொறுப்பு இருக்கு. பொறுப்பு இருந்தா அது பதவி. பதவி இருந்தா நீங்க பொது உறுப்பினர் இல்ல. அப்புறம் நன்கொடை போயிடும். முற்றத்து ஜன்னல் கம்பி வழியா எட்டிப் பாருங்க, ஹமாதி."

"நெருப்பு இருந்தா?"

"என்கிட்ட வந்து சொல்லுங்க. சனிக்கிழமை தவிர."

புகையை மோப்பம் பிடித்து மணியடிக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றைக் கூடத்தின் கூரையில் மாட்டினார்கள். நடுவில் மாட்டத்தான் வந்த ஆள் ஏணியைப் போட்டான். அங்கே சித்திர வேலை இருக்கிறது, வரலாற்றில் ஆணி அடிக்கக்கூடாது என்று நான்கு துணைத் தலைவர்களும் நான்கு பக்கமிருந்து கத்தினார்கள். சித்திரம் இல்லாத ஒரே மூலை ஹமாதியின் கடைப்பக்கச் சுவரோரம். அவனுடைய புகைப்போக்கிக்கு நேர் எதிரே ஒரு சின்ன ஜன்னல். பெட்டி அதன் தலைமேல் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு கம்பி தீயணைப்பு நிலையத்துக்கும் போனது.

மறுநாள் பத்தரை மணிக்கு ஹமாதி தினமும் செய்வதைச் செய்தான், உருளையில் கொட்டையைப் போட்டுச் சுற்றினான். கொட்டை படபடவென்று வெடிக்கிற நேரம்தான் வறுக்கிறவனின் தொழில் நேரம். அதற்குமேல் ஒரு நிமிஷம் போனால் மணம், மூன்று நிமிஷம் போனால் கரி. சரியாக அந்த நேரத்தில் மணி அடித்தது.

அவன் உருளையை விட்டான். அங்கியை மாட்டினான், ஊதலை ஊதினான், முற்றத்துக்கு ஓடினான், ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தான். கூடத்தில் காபிப் புகை. நிம்மதியாகத் திரும்பி வந்தான். அதற்குள் உருளையில் ஒரு ஈடு முழுக்கக் கரிந்து இன்னும் கறுப்பாகப் புகைந்தது. அந்தப் புகை ஜன்னல் வழியே போய் மறுபடி மணியை அடித்தது. விதிப்படி அவன் மறுபடி ஓடினான்.

மூன்றாவது தடவை அவன் ஓடும்போது தீயணைப்புக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு சந்துக்குள் வந்தார்கள். பெரிய வண்டி நகரவாசலுக்கு உள்ளே வராது. வியர்த்து வழிய முன்னால் வந்தவர் சார்ஜண்ட் ஜலால்.

"நெருப்பு எங்க?"

"காபிங்க."

"சரி, எனக்குச் சர்க்கரை கம்மியா. நெருப்பு எங்க?"

விஷயம் புரிந்ததும் சார்ஜண்ட் கோபப்படவில்லை. தீயணைப்புக்காரர்கள் நான்கு பேரும் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மறுபடி வந்தார்கள், குடித்தார்கள். மூன்றாம் நாள் குடித்துவிட்டு, இனி சும்மா அடித்தால் கழகத்துக்கு அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காபிக்கு யாரும் பணம் தரவில்லை. பொதுச்சேவையில் இருப்பவர்கள்.

அபராதம் என்ற சொல் கேட்டதும் கழகம் கூடியது. ஹமாதியையும் கூப்பிட்டார்கள், பத்துப் பதினைந்து கோப்பையோடு.

"பெட்டியை நகர்த்தலாமே," என்றான் அவன்.

சித்திரம் என்றார்கள்.

"ஜன்னலை அடைச்சிடலாமே."

அது வரலாற்று ஜன்னல் என்றார் ஒரு ஆலோசகர். அந்த ஜன்னல் வழியாகத்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பூனை உள்ளே வந்ததாகக் கழகத்தின் வெளியீடு ஒன்றில் இருக்கிறது.

"அப்போ வறுக்கிறதை நிறுத்திடலாம்," என்றார் மதாம் நைலா.

ஹமாதி கோப்பைத் தட்டைக் கீழே வைத்தான். "மதாம், கடன் வாங்கிப் பச்சைக்கொட்டை எடுத்திருக்கேன். வறுக்கலைன்னா நான் எதை விக்கிறது? உங்க பூனையையா?"

சி தவ்ஃபீக் எழுந்தார். அவர் எழுந்தால் துணைத் தலைவர்கள் நாற்காலியைச் சரிசெய்துகொள்வார்கள், நெடும்பயணத்துக்குத் தயாராவது போல.

"அன்பர்களே! ஒரு குறையைத் தீர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அதை நீக்குவது. அதற்குச் செலவாகும், உழைப்பும் வேண்டும், ஆகவே அது நம் வழி அல்ல. இரண்டு, அதைப் போற்றுவது. இந்தச் சந்தில் காபி வறுக்கும் புகை தலைமுறை தலைமுறையாக எழுகிறது. அது புகையல்ல, பாரம்பரியம்! பாரம்பரியம் எழும்போது மணி அடிக்கிறதென்றால் அது எச்சரிக்கையல்ல, வரவேற்பு! இன்றுமுதல் அதற்கு வறுவல் மணி என்று பெயரிடுகிறேன்."

கைதட்டினார்கள். பொது உறுப்பினர்களும் ஏகமனதாக வரவேற்றதாகக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பொது உறுப்பினர்கள் அப்போது கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் போனது: தினமும் பத்தரை முதல் பதினொன்று வரை சுண்ணாம்புக்காரர் சந்திலிருந்து வரும் மணி பண்பாட்டு மணி, தயவுசெய்து வரவேண்டாம். சார்ஜண்ட் ஜலால் அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். காபி போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன்பிறகு ஹமாதிக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. வறுவல் பாரம்பரியம் என்றால் வறுப்பவனும் பாரம்பரியம். ஒருநாள் காலை கடைக்கு முன்னால் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள்: "காட்சிப் பொருள் 214. காபி வறுப்பவர். உள்ளூர். இயங்கும் நிலையில்." பத்தரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் வறுக்கக்கூடாது, பின்னாலும் கூடாது. வறுக்கும்போது வியாபாரம் செய்யக்கூடாது, காட்சி கெடும். சிவப்புக் குல்லாவும் பழைய ஜுப்பாவும் போட வேண்டும். மின்விசிறி கூடாது.

சுற்றுலா வந்தவர்கள் அவனை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தன் மனைவியிடம் இது மெழுகா என்று கேட்டார்.

இரவுச் சோறு போடும்போது வசீலா சொன்னாள்: "இத்தனை வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன், உனக்கு ஒரு நம்பர் போட்டு வைக்கணும்னு எனக்குத் தோணலையே. தொடாதீர்கள்னும் எழுதிட்டாங்களா?"

"எழுதலை."

"அதை மட்டும் நானே எழுதிடறேன்."

"சிரிக்காதே வசீலா. அரை மணி நேரம் வியாபாரம் போகுது. வாடிக்கைக்காரன் எதிர்க்கடைக்குப் போறான்."

"அப்போ விலகு."

"விலகினா பொது உறுப்பினர்கள் எல்லாரும் ஒட்டுமொத்தமா ராஜினாமான்னு பத்திரிகைல போட்டுடுவாங்களாம். நெஞ்சுல கை வெச்சுச் சொன்னார்."

"அந்த ஆளோட கையைக் கட்டிப் போட்டா ஊர்ல பாதிப் பிரச்சினை தீரும்," என்றாள் வசீலா.

இப்படி மூன்றாம் வருஷம் கூடம் புதுப்பித்து முடிந்தது. சுவருக்கு வெள்ளை, உத்தரத்துக்கு மெருகு, ஜன்னல்களுக்குச் சிவப்பு வெல்வெட் திரை. மிச்சப் பணத்தில் கதவுக்கு ஒரு பித்தளைப் பலகை: விலைமதிப்பற்றது. அறக்கட்டளையின் பிரதிநிதி டாக்டர் சிஹாம் தலைநகரத்திலிருந்து வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. முற்றத்தில் நாற்காலிகள், மக்ரூத் இனிப்பு, எலுமிச்சைச் சாறு. கதவு பூட்டியிருக்கும். மூன்று சொற்பொழிவுகள் முடிந்ததும் மதாம் நைலா பட்டு மெத்தையில் சாவியை ஏந்தி வருவார், பிரதிநிதி திறப்பார். திறந்ததும் உள்ளேயிருந்து நறுமணம் வீச வேண்டும் என்பது சி தவ்ஃபீக்கின் கற்பனை. அதற்காக அவரே தன் கையால் மண்சட்டியில் கரிநெருப்புப் போட்டு, சாம்பிராணி தூவி, மூலை ஜன்னலின் திரைக்குக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டச் சொன்னார்.

ஹமாதிக்கு முந்தின நாளே உத்தரவு வந்திருந்தது. நாளைக்கு வறுக்கக்கூடாது. பிரதிநிதியின் உடைக்குப் புகைவாசம் ஆகாது. ஆனால் காட்சிப் பொருள் இருந்தே ஆக வேண்டும். ஆகவே அவன் குல்லா ஜுப்பாவுக்கு மேலே மஞ்சள் அங்கியையும் போட்டுக்கொண்டு, முற்றத்தின் ஓரத்தில், கடையிலிருந்து கொண்டுவந்த ஆறிப்போன உருளையின் பக்கத்தில் நின்றான். கையில் ஒரு பிடி பச்சைக்கொட்டை.

முதல் சொற்பொழிவு சந்தின் தோற்றம் பற்றியது. இரண்டாவது, முதல் சொற்பொழிவின் சிறப்பு பற்றியது. சி தவ்ஃபீக் மூன்றாவதைத் தொடங்கி, ரோமானியர் ஆட்சியைப் பேசி முடித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

டாக்டர் சிஹாம் திடுக்கிட்டார். சி தவ்ஃபீக் முகம் மலர்ந்தது.

"பயப்பட வேண்டாம் மதாம்! இதுதான் எங்கள் வறுவல் மணி! உலகத்தில் வேறெங்கும் கேட்க முடியாது!"

பிரதிநிதி கைதட்டினார். பதினொரு பதவியாளர்களும் கைதட்டினார்கள். முற்றத்து விருந்தினர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கதவின் அடியிலிருந்து மெல்லிய புகை ஒன்று நாக்கு நீட்டியது. அதைக் கண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

ஹமாதி தன் கையைப் பார்த்தான். கொட்டை பச்சையாகவே இருந்தது. மூக்கை உறிஞ்சினான். காபி அல்ல. துணி.

"சி தவ்ஃபீக்! நான் இன்னிக்கு வறுக்கலை!"

"பொது உறுப்பினர்கள் இதர விஷயங்கள் நேரத்துல பேசலாம்," என்றார் செயலாளர் சிரித்த முகத்தோடு, உதட்டை அசைக்காமல்.

"நான் இங்க நிக்கிறேன்யா! உருளை இங்க இருக்கு! அப்புறம் புகை எங்கேர்ந்து வருது?"

"பாரம்பரியத்துலேர்ந்து," என்றார் ஒரு ஆலோசகர் டாக்டர் சிஹாமிடம். "அவர் அந்தக் காலப் பேச்சு வழக்கை நடிச்சுக் காட்டறார். ரொம்பத் தத்ரூபம்."

பிரதிநிதி கைப்பேசியில் அவனைப் படம் எடுத்தார்.

ஹமாதி மதாம் நைலாவிடம் ஓடினான். அவர் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாவி குடுங்க மதாம், உள்ள எரியுது!"

"மூணாவது சொற்பொழிவு முடியலையே. வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உத்தரம் என் கடைக்குள்ள போகுது! என் பொண்டாட்டி மேல இருக்கா!"

"அப்போ தலைவரைக் கேளுங்க."

தலைவர் பைஸாந்தியர்களிடம் போய்விட்டிருந்தார்.

வசீலா மாடியில் சுவரைத் தொட்டாள், கை சுட்டது. அவள் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாள். எடுத்தது ஜலால்.

"மணி என்ன மதாம்? பத்து முப்பத்தஞ்சா? அது காபி. எங்ககிட்ட கடிதம் இருக்கு."

"இது நெருப்புய்யா! சுவர் சுடுது!"

"நல்லா வறுக்கிறார்னு அர்த்தம்."

வசீலா அதற்குமேல் பேரம் பேசவில்லை. ஜன்னலைத் திறந்து, மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலில், "யா ஹமாதி! நின்னு பார்த்துட்டிருக்கியே, நீ என்ன நிஜமாவே காட்சிப் பொருளாயிட்டியா?" என்று கத்தினாள்.

அது போதுமானதாக இருந்தது. ஹமாதி கடைக்கு ஓடி, பச்சைக்கொட்டை மூட்டை இரண்டை ஏற்றி வைத்திருந்த கைவண்டியைச் சந்துக்குள் இழுத்தான். முற்றத்துக்குள் திருப்பினான். நாற்காலிகளுக்கு நடுவே வழி இருந்தது, பிரதிநிதி நடந்து போவதற்காகப் போட்ட கம்பளம். அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கதவில் மோதினான். முதல் மோதலில் பித்தளைப் பலகை விழுந்தது. இரண்டாவதில் தாழ் விட்டது, கீழ்ப்பலகை பிளந்தது, கூடத்திலிருந்து கறுப்புப் புகை முற்றத்தை விழுங்கியது.

அப்போதுதான் கைதட்டல் நின்றது.

திரை முழுக்க எரிந்து, மெருகு போட்ட உத்தரத்தின் நுனி பற்றிக்கொண்டிருந்தது. தொட்டியின் வாளியும் கயிறும் காட்சிப் பொருள் 31, 32. அவற்றைச் சுற்றித் தொடாதீர்கள் என்று நாடா கட்டியிருந்தார்கள். ஹமாதி நாடாவோடு சேர்த்து இழுத்தான். வசீலா இறங்கி ஓடி வந்தாள். செருப்புக்கடைக்காரர், எதிர்க்கடைக் காபிக்காரன், சந்தில் யார் யார் உண்டோ எல்லாரும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினார்கள். ஹமாதி மஞ்சள் அங்கியைக் கழற்றி நனைத்து உத்தரத்தை அடித்தான். அங்கி போய்விட்டது, உத்தரம் நின்றது. பதவியாளர்கள் பிரதிநிதியைச் சந்து முனைக்குப் பாதுகாப்பாக அழைத்துச் சென்றார்கள், பதினொரு பேரும். மக்ரூத் தட்டையும் காப்பாற்றினார்கள்.

பதினொரு மணி ஒரு நிமிஷத்துக்குத் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். கடிதத்தின்படி அதுதான் அனுமதிக்கப்பட்ட நேரம்.

சேதம் அதிகமில்லை. திரை, பிரதிநிதிக்காகப் போட்ட நாற்காலி, அறிமுகப் புத்தகங்கள் இரண்டு கட்டு, சுவரில் மாட்டியிருந்த தீப் பாதுகாப்புச் சான்றிதழ்.

அந்த வாரமே விசாரணைக் கூட்டம் நடந்தது. ஹமாதி கோப்பைகள் இல்லாமல் வெறும் கையோடு போனான். இதைக் கழகம் முதலிலேயே குறித்துக்கொண்டது.

சி தவ்ஃபீக் எழுந்தார்.

"அன்பர்களே! நம் மணி தன் கடமையைச் செய்யவில்லை என்று சந்தில் சிலர் பேசுகிறார்கள். அன்று மணி அடித்தது. நாம் கேட்டோம். எழுந்து நின்று கைதட்டினோம். ஒரு மணிக்கு இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்? நெருப்பு எப்படி வந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது. சட்டியை யார் வைத்தார் என்று கிளறுவது வரலாற்றாசிரியனுக்கு அழகல்ல, காரணம் அந்த நிகழ்ச்சி இன்னும் போதுமான அளவு பழையதாகவில்லை. ஆனால் கதவை யார் உடைத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. இருநூறு பேர் பார்த்தார்கள். நானும், தூரத்திலிருந்து."

மதாம் நைலா ஒரு தாளை ஹமாதியிடம் நீட்டினார். கதவு ஒன்று, தொண்ணூறாயிரம் தினார். முப்பது நாளுக்குள்.

ஹமாதி மனசுக்குள் கூட்டிப் பார்த்தான். கடை, மேல்வீடு, உருளை, கொட்டை எல்லாவற்றையும் விற்றாலும் பாதிகூட வராது. நெருப்பிலிருந்து காப்பாற்றியதை இந்தத் தாள் ஒரே மூச்சில் எடுத்துக்கொள்ளும். பிறகு, நம் ஊரில் பால்குடி மறந்ததும் கற்றுக்கொள்வது தானாக வாயில் வந்தது.

"அதிகம்."

"இது விலைப்பட்டியல் இல்ல, தீர்மானம்," என்றார் மதாம் நைலா.

"சரி. காப்பீட்டுக்காரன் எவ்வளவு தர்றான்?"

மதாம் நைலா இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் அசைந்தார். "மூவாயிரத்து நானூறு."

"அவனுக்கு மூவாயிரத்து நானூறு, எனக்குத் தொண்ணூறாயிரமா? நான் உறுப்பினர்கள்ங்க, அவன் ஒருத்தன். மொத்தமா வாங்கறவனுக்குத்தான் குறைச்சுக் குடுக்கணும்."

"அது வேற நோக்கத்துக்காக எழுதின விலை," என்றார் செயலாளர்.

"அப்போ ஒண்ணு பண்ணலாம். டாக்டர் சிஹாமை இங்க கூப்பிடுவோம், காப்பீட்டுக்காரனையும் கூப்பிடுவோம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உட்கார வெச்சு ஆளுக்கொரு காபி குடுக்கறேன். அவங்க ஒத்துக்கிற விலை எதுவோ, நான் கட்டறேன்."

துணைத் தலைவர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

"அவர்களைத் தொந்தரவு செய்வானேன்," என்றார் சி தவ்ஃபீக் மெதுவாக. "கதவின் மதிப்பைப் பணத்தால் அளக்க முடியாது என்று பலகையிலேயே எழுதியிருக்கிறோமே."

"அளக்க முடியாததை எப்படி என் தாள்ல அளந்தீங்க?"

சி தவ்ஃபீக் நெஞ்சில் கைவைத்தார். ஹமாதியும் தன் நெஞ்சில் கைவைத்தான். சிறிது நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். முதலில் கையை எடுத்தவர் தலைவர்.

அதன்பிறகு அது சந்தையாகிவிட்டது. சந்தையில் ஹமாதிக்குச் சங்கடமே இல்லை. தச்சனைக் கூப்பிட்டார்கள். அவன் கீழ்ப்பலகையைத் தட்டிப் பார்த்து, தாழைப் பார்த்து, நூறு தினார் என்றான். ஹமாதி நாற்பது என்றான். மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்கும் முன் அறுபத்தைந்தில் முடிந்தது. விலைமதிப்பற்ற கதவுக்கு அது நாலாவது விலை, அதைக் கொடுப்பது ஹமாதி என்பது பேச்சு.

"ஆனா என் கணக்கும் ஒண்ணு இருக்கு," என்றான்.

கதவு இப்போது சரியாகிவிட்டது. தழும்பு மட்டும் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் புதுப் பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: "பெருந்தீயிலிருந்து கழகம் காப்பாற்றிய கதவு." பார்க்க மூன்று தினார். அறக்கட்டளை இன்னொரு நன்கொடை தருவதாகச் சொல்லியிருக்கிறது. அதில் கதவின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரம், தீ கண்ட கதவு என்பதால். பெட்டி அதே மூலையில் இருக்கிறது. பத்தரைக்கு அடிக்கிறது, யாராவது கைதட்டுகிறார்கள். ஹமாதி இப்போது யாரையும் கேட்காமல் அந்த ஜன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு எட்டு மணிக்கே வறுத்துவிடுகிறான். பத்தரைக்கு அடிக்க மறக்காமல் இருக்கட்டும் என்று சி தவ்ஃபீக் ஜன்னலுக்குக் கீழே நின்று ஒரு சிகரெட் பிடிக்கிறார்.

ஹமாதியின் கடையில் தராசுக்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கலாம்:

கழகக் கூட்டங்களுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் காபி, இருநூற்றுப் பன்னிரண்டு கோப்பை, அடக்கவிலையில்: நூற்றாறு தினார்.

மணி அடித்ததால் கரிந்த கொட்டை, மூன்று ஈடு: நூற்றிருபது.

கழகம் தர வேண்டியது: இருநூற்றிருபத்தாறு.

கழிவு. உறுப்பினர்கள் சந்தா, மூன்று வருஷம்: அறுபது. மஞ்சள் அங்கி, எரிந்தது: முப்பது. கதவு, விலைமதிப்பற்றது: அறுபத்தைந்து.

மீதி: எழுபத்தொன்று. தலைவர் பேரம் பேசியதில் தள்ளுபடி: ஒன்று.

நிலுவை: எழுபது தினார்.

நிலுவையைக் கேட்டதற்குத் தலைவர் "வரலாறு பொறுமையானது" என்று சொன்னது: சுழியம்.